நாலாவது நிமிஷம், பத்தாவது விநாடி

தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. எட்டிப் பாக்கணும்னு பாக்கல, உங்க போன்ல அந்தப் படம் தெரிஞ்சுச்சு. ரோஸ் கலர்ல ஒரு பறவை ஒத்தைக் கால்ல நிக்குது. 'பூநாரை வீடு' பின்னணி இசைதானே கேட்டுக்கிட்டு வர்றீங்க? பாட்டு இல்லாம, வெறும் வாத்தியம் மட்டும். அதைத் தனியா உக்காந்து கேக்குற ஆளை ரயில்ல பாக்குறது அபூர்வம். செங்கல்பட்டுலேருந்து யோசிச்சுக்கிட்டு வர்றேன், பேசலாமா வேணாமான்னு.

என் பேரு தனுஷ்கோடி. மதுரையில ஒரு பாலிடெக்னிக்ல எலெக்ட்ரிகல் லேப் இன்ஸ்ட்ரக்டர். கோடி சார்னு கூப்பிடுவாங்க. 'பின்னிசை நண்பர்கள்'னு ஒரு வாட்ஸப் குரூப் கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா. பரவாயில்ல. நானும் பஷீரும் ஆரம்பிச்சது. பஷீர் மருந்துக் கம்பெனி ரெப், என்கூடப் பள்ளிக்கூடத்துல படிச்சவன். ஒரு காலத்துல முந்நூத்திப் பதினேழு பேரு இருந்தாங்க. இப்ப குறைஞ்சுபோச்சு. அதைச் சொல்லத்தான் வர்றேன்.

மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை மேலமாசி வீதிப் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில கூடுவோம். இருபது பேரு வருவாங்க, சில மாசம் முப்பது. டெய்லர் இருக்காரு, பத்திரப்பதிவு ஆபீஸ் கிளார்க் இருக்காரு, காலேஜ் பிள்ளைங்க நாலஞ்சு. ஜன்னலைச் சாத்திருவோம், ஃபேனை நிறுத்திருவோம். ஃபேன் ஓடுனா செல்லோ மாதிரி அடிக்குரல் வாத்தியம் கேக்காது. மதுரை வெயில்ல ஃபேனை நிறுத்திட்டு முப்பது பேரு உக்காந்து ஒரு ஆர்கெஸ்ட்ராவைக் கேக்குறோம்னா பாத்துக்கங்க. வேர்த்து ஊத்தும். ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க.

'பூநாரை வீடு' வந்தப்ப மூணு மாசம் அதைத் தவிர வேற எதையும் பேசல. குழந்தைங்களுக்கான கார்ட்டூன் படம்னு சொல்லித்தான் விளம்பரம் பண்ணுனாங்க. ஏரி வத்திப்போகுது, பறவைக் குடும்பம் ஒண்ணு வேற தண்ணி தேடிப் போகுது, குஞ்சுகளுக்கு இன்னும் பறக்க வரல, அதனால அப்பா அம்மாவும் கூடவே நடக்குதுங்க. அவ்வளவுதான் கதை. ஆனா விக்டர் செழியன் போட்ட இசை இருக்கே. நாப்பத்தாறு பேரு, எல்லாம் நம்ம சென்னை ஆளுங்க, ஒரே ஹால்ல உக்காந்து வாசிச்சது. அப்பாப் பறவைக்கு பசூன், அடிக்குரல்ல முனகுற ஊதுகுழல். குஞ்சுகளுக்கு ரெண்டு கிளாரினெட். பறவைங்க உப்புத்தரையில நடக்குற கட்டம் வந்ததும் புல்லாங்குழல் நின்னுபோகும், கவனிச்சிருக்கீங்களா? படம் முடியுற வரைக்கும் திரும்பி வராது. ஏன்னு ஒரு நாள் பூரா சண்டை. தண்ணி போச்சு, அதனால குழலும் போச்சுன்னு டெய்லர் சொன்னாரு. அதெல்லாம் இல்ல, குழல் வாசிக்கிறவர் அடுத்த ரெக்கார்டிங்குக்குப் போயிருப்பாருன்னு பஷீர் சொன்னான். அவன் எப்பவும் அப்படித்தான். எதையும் தரைக்கு இழுத்துருவான்.

என்னோட ஆராய்ச்சி என்னன்னா, அந்த உப்புத்தரை நடை. ஆறு நிமிஷம் இருபது விநாடி. அதுல நாலாவது நிமிஷம், பத்தாவது விநாடி. எல்லா வாத்தியமும் அடங்கிரும். ஒத்தை வயலா மட்டும் வரும். வயலின் மாதிரியே இருக்கும், கொஞ்சம் பெருசு, குரல் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அந்த வயலா ஒரே சுரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். நின்னுக்கிட்டு இருக்கும்போதே அது நடுங்கும். அழகுக்கு விரலை அசைப்பாங்களே, அது இல்ல. அது வேற. இது குளிர்ல நிக்கிற ஆள் பேசுற மாதிரி விட்டுவிட்டு வரும். முதல் தடவை தியேட்டர்ல கேட்டப்ப எனக்கு முடி நட்டுக்கிச்சு தம்பி. பக்கத்துல என் பொண்ணு பாப்கார்ன் தின்னுக்கிட்டு இருந்தா. நிறுத்துடின்னு கையைப் பிடிச்சேன்.

அந்த நடுக்கத்தை எண்ணுனேன். ஒரு தடவை இல்ல, நூறு தடவை இருக்கும். பதினொண்ணு. அந்த நேரத்துல திரையில என்ன நடக்குது? ஒரு குஞ்சு நடக்க முடியாம உக்காந்துருது. அம்மாப் பறவை அதை விட்டுட்டு முன்னால போகுது. எத்தனை அடி எடுத்து வைக்குதுன்னு எண்ணுனேன். பதினொண்ணு. பதினொண்ணாவது அடியிலதான் திரும்பிப் பாக்குது. இது தற்செயலா நடக்குமா? செழியன் உக்காந்து கணக்குப் போட்டு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு நடுக்கம்னு எழுதியிருக்காரு. இதை நான் பதினாலு பகுதியா ஃபேஸ்புக்ல எழுதுனேன். தலைப்பு 'பதினோரு நடுக்கங்கள்'. எங்கெங்கேயிருந்தெல்லாம் படிச்சாங்க. மலேசியாவுலேருந்து ஒருத்தர் போன் பண்ணி, சார், உங்களுக்கு இருக்குறது காது இல்ல, மைக்ராஸ்கோப்புன்னாரு.

பதினாலாவது பகுதி போட்ட அன்னைக்கு சாயங்காலம் குரூப்ல ஒரு மெசேஜ். ஜெசிந்தான்னு ஒரு நம்பர். அவங்க சேந்து எட்டு மாசம் ஆச்சு, ஒரு வார்த்தை எழுதுனதில்ல. 'அண்ணே, நல்லா எழுதியிருக்கீங்க. அந்த வயலா நான் வாசிச்சது. நீங்க சொல்ற மாதிரி அப்படி எழுதிக் குடுக்கல, தானா வந்தது. ரெக்கார்டிங் அப்ப படத்தையே எங்களுக்குக் காட்டல. வரையுறவங்க அப்புறமா நடையை இசைக்குப் பொருத்தியிருப்பாங்க.' அவ்வளவுதான் மெசேஜ்.

குரூப்பே அல்லோலகல்லோலம். நம்ம குரூப்லயே வாசிச்சவங்க இருக்காங்களான்னு எல்லாரும் கும்புடுறாங்க, பூ போடுறாங்க. படம் முடிஞ்சதும் பேரு ஓடுமே, அதைப் போய்ப் பாத்தேன். 'வயலா'ன்னு போட்டு ஆறு பேரு. நாலாவது ஜெசிந்தா அந்தோணி. அந்தப் படத்தை நான் அறுபது எழுபது தடவை பாத்திருப்பேன். பேரு ஓடும்போதும் இசை வருதே, அதைக் கேட்டுக்கிட்டு இருந்ததுல எழுத்தைப் படிக்கல.

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பதினாலு பகுதி எழுதுனவன்கிட்ட தனியா ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமில்ல? முந்நூறு பேருக்கு முன்னால சொல்லணுமா? ஆனாலும் நான் பெருந்தன்மையாத்தான் நடந்துக்கிட்டேன். அடுத்த கூட்டத்துக்கு வாங்கம்மான்னு கூப்பிட்டேன். அவங்களுக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். சொந்தக்காரங்க வீட்டு விசேஷம் ஒண்ணு வந்துச்சு, அப்படியே மதுரைக்கும் வந்துட்டாங்க.

நாப்பத்தேழு வயசு இருக்கும். ஒல்லியா, எண்ணெய் வச்சுச் சீவி, ஸ்கூல் டீச்சர் மாதிரி இருந்தாங்க. கூட்டத்துல நாலு கேள்வி கேட்டாங்க, நாலுக்கும் ஒத்தை வரியில பதில். எல்லாரும் போனப்புறம் பஷீர் டீ சொல்லக் கீழே இறங்கிட்டான். நானும் அவங்களும் மட்டும். நான் விடல. 'தானா வந்ததுன்னா எப்படிம்மா? பதினோரு நடுக்கம், அளந்து வச்ச மாதிரி இருக்கு. செழியன் ஏதாவது சொல்லியிருப்பாரு, உங்களுக்கு மறந்திருக்கும்'னேன்.

பக்கத்துல இருந்த டைப்ரைட்டர் உறையைச் சரியா இழுத்து விட்டாங்க. அப்புறம் சொன்னாங்க. 'இல்லண்ணே. அன்னைக்குத்தான் எனக்கு முதல் தடவை கை நடுங்குச்சு. வில்லு பிடிக்கிற கை. அது ஏழாவது டேக். நிறுத்திட்டு மன்னிப்புக் கேக்கலாம்னு பாத்தேன், நிறுத்த முடியல. முடிஞ்சதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து செழியன் சார் மைக்ல, இதையே வச்சுக்கலாம்மா, ரொம்ப நல்லா இருக்குன்னாரு. பாத்ரூம்ல போய் அழுதேன். பாராட்டுனதுக்கு அழறேன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க.'

அப்புறம் டாக்டர்கிட்ட போயிருக்காங்க. பார்க்கின்சன், அதான் நடுக்குவாதம்னு சொல்லியிருக்காரு. அந்த வயசுக்கு வராதாம், சில பேருக்கு வந்துருமாம்.

'இப்பவும் வாசிக்கிறீங்களா?'ன்னு கேட்டேன். 'வாசிக்கிறேண்ணே. மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்துல கை நின்னுரும். ரெண்டரை மணி நேரம் தாங்கும். அதுக்குள்ள ரெக்கார்டிங் முடிஞ்சுரும். முடியலைன்னா வில்லைக் கம்பியில படாமச் சும்மா மேலே ஓட்டிக்கிட்டு இருப்பேன், பக்கத்துல வாசிக்கிறவர் சமாளிச்சுருவாரு, அவருக்கு மட்டும் தெரியும். வெளியே தெரிஞ்சா கூப்பிட மாட்டாங்க. வீட்டுல தங்கச்சிக்குக்கூடச் சொல்லல. நீங்க இவ்வளவு உன்னிப்பாக் கேட்டிருக்கீங்க, உங்ககிட்டச் சொல்லாம இருக்க மனசு வரல. குரூப்ல போட்ராதீங்கண்ணே.'

'சே சே, என்னம்மா நீங்க'ன்னேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். பஷீர் டீயோட மேலே வந்தான், பேச்சை மாத்திட்டோம். அவங்க டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிச்சாங்க. அது நல்லா ஞாபகம் இருக்கு.

பதினோரு நாள் நான் யார்கிட்டயும் சொல்லல தம்பி. என் சம்சாரத்துக்கிட்டக்கூடச் சொல்லல.

பன்னெண்டாவது நாள் குரூப்ல வில்லவன்னு ஒருத்தன் ஆரம்பிச்சான். கோயம்புத்தூர்ல பல் டாக்டர். பியானோ பரீட்சையெல்லாம் எழுதியிருக்கான், அந்தத் திமிரு. 'கோடி சாருடைய பதினோரு நடுக்கமும் வெறும் பிசிறு. வாசிச்சவங்களே திட்டம் இல்லைன்னு சொல்லிட்டாங்க. மிக்சிங்ல கவனிக்காம விட்ட பிசிறுக்குப் பதினாலு பகுதி எழுதுன ஒரே ஆள் நம்ம கோடி சார்தான்'னு போட்டு, கீழே சிரிக்கிற பொம்மை நாலு. அதுக்கு முப்பத்தெட்டுப் பேரு சிரிச்சிருக்காங்க. டெய்லரும் சிரிச்சிருக்காரு. என்கூட ஃபேன் ஓடாத ரூம்ல வேர்த்துக்கிட்டு உக்காந்திருந்த மனுஷன்.

எனக்கு என்னைச் சொன்னதுகூடப் பெருசாத் தெரியல. அந்தம்மா வாசிச்சதைப் பிசிறுன்னு சொல்லிட்டானே, அதுதான் தாங்கல. அவ்வளவு வேதனையில வந்த நாதத்தை ஒருத்தன் பிசிறுன்னு சொல்லும்போது, விஷயம் தெரிஞ்ச நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா அது அந்தம்மாவுக்குச் செய்யுற துரோகம் இல்லையா? நீங்களே சொல்லுங்க.

லேப்ல பசங்க மோட்டார் கனெக்‌ஷன் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. நான் மூலையில உக்காந்து எழுதுனேன். ஒரே மூச்சுல வந்துச்சு. என் வாழ்க்கையில அப்படி ஒண்ணு எழுதுனதில்ல. 'அது பிசிறு அல்ல, ஒரு கலைஞரின் நரம்பு அறுந்துகொண்டிருந்த ஓசை'ன்னு ஆரம்பிச்சேன். ஏழாவது டேக், மைக்ல வந்த குரல், பாத்ரூம்ல அழுதது, மாத்திரை, ரெண்டரை மணி நேரம், எல்லாத்தையும் எழுதுனேன். பதினொண்ணுங்கிறது செழியன் போட்ட கணக்கு இல்ல, அதுக்கும் மேல ஒருத்தன் போட்ட கணக்குன்னு முடிச்சேன். அப்ப பாருங்க, நான் முதல்ல சொன்னதும் தப்பாகல. குரூப்லயும் போட்டேன், ஃபேஸ்புக்லயும் போட்டேன்.

வில்லவன் அரை மணி நேரத்துல மன்னிப்புக் கேட்டான். டெய்லர் அழுற பொம்மை போட்டாரு. சாயங்காலத்துக்குள்ள தொள்ளாயிரம் பேரு பகிர்ந்துட்டாங்க. ஒரு சினிமா வெப்சைட்டு என்னைக் கேக்காமலே எடுத்துப் போட்டுக்கிச்சு. அந்தம்மா பேரு தெரியாத தமிழ் ரசிகன் அன்னைக்கு இல்ல.

ரெண்டு நாள் கழிச்சு ஜெசிந்தாம்மா போன் பண்ணுனாங்க. நானும் எதிர்பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நன்றி சொல்லுவாங்கன்னு நினைச்சேன்னு வச்சுக்கங்களேன்.

'அண்ணே, நல்லா எழுதியிருக்கீங்க'ன்னாங்க. திட்டல. குரல்கூட ஏறல. 'தங்கச்சி ஆபீஸ்ல யாரோ காட்டியிருக்காங்க. அங்கேயே உக்காந்து அழுதிருக்கா. வீட்டுக்கு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஏன்க்கா எங்கிட்டச் சொல்லலைன்னு கேட்டா. நானே சொல்லணும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.' அப்புறம், 'அடுத்த வாரம் ஒரு ரெக்கார்டிங் இருந்துச்சு. ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆள் சேக்குறவர் போன் பண்ணி, உடம்பைப் பாத்துக்கம்மா, நல்லா ரெஸ்ட் எடுன்னு சொல்லிட்டாரு. ரொம்ப அன்பாத்தான் சொன்னாரு'ன்னாங்க.

நான், 'இதெல்லாம் தற்காலிகம்மா. இப்ப உங்களுக்கு இருக்குற பேருக்கு எல்லாரும் தேடி வருவாங்க'ன்னேன். 'சரிண்ணே'ன்னு வச்சுட்டாங்க. குரூப்லேருந்தும் போயிட்டாங்க. 'ஜெசிந்தா வெளியேறினார்'னு ஒரு வரி வருமே, அதுதான்.

ஆனா பஷீர் பண்ணுனதைத்தான் என்னால சீரணிக்க முடியல. அந்த மாசக் கூட்டத்துக்கு வந்தான். உள்ளே வரல, மாடிப்படியிலேயே நின்னான். 'அவங்க சொல்லாதேன்னு சொன்னாங்களா, இல்லையா?'ன்னு கேட்டான். 'குரூப்ல போடாதீங்கன்னாங்க'ன்னேன். 'அப்புறம்?' 'அந்த வில்லவன் பேசுனதைப் பாத்தேல்ல?' 'நான் வில்லவனைக் கேக்கல'ன்னான். நான் என் நியாயத்தைப் பூராவும் எடுத்துச் சொன்னேன், கால் மணி நேரம். கேட்டுக்கிட்டே நின்னான். கடைசியில, 'ஜெயிச்சுட்டேல்ல கோடி, விடு'ன்னுட்டு இறங்கிப் போயிட்டான். நாப்பது வருஷப் பழக்கம் தம்பி. அன்னைக்கே குரூப்பை விட்டுப் போனான். அவனைப் பாத்து நூத்திச் சொச்சம் பேரு போயிட்டாங்க. ரூம்ல இப்ப ஆறு பேருதான் வர்றோம். ஃபேனைப் போட்டுக்கிட்டே கேக்குறோம், ஆறு பேருக்காக நிறுத்தி என்ன பண்ண.

என் பொண்ணும் கேட்டா. 'அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டிருக்கலாமில்லப்பா?'ன்னு. ஒருத்தரைப் பெருமையாச் சொல்றதுக்கு அனுமதி வாங்கணுமாடின்னு கேட்டேன். இப்பல்லாம் என் எதிர்ல அவ போன் பேசுறதில்ல. எந்திரிச்சு வெளியே போய்ப் பேசுறா. வயசுப் பொண்ணு, அப்படித்தான் இருக்கும்.

ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. அதுக்கப்புறம் அந்த உப்புத்தரை நடையை என்னால முழுசாக் கேக்க முடியல. நாலாவது நிமிஷம் வரும்போது என்னவோ தலைவலி வருது. கழட்டிர்றேன். காது டாக்டர்கிட்டக் காட்டுனேன். ஒண்ணும் இல்லைன்னுட்டாரு.

நேத்து அதனாலதான் சென்னைக்குப் போனேன். திரையில படத்தைப் போட்டு, கீழே முழு ஆர்கெஸ்ட்ராவும் உக்காந்து நேரடியா வாசிக்கிற கச்சேரி. நேர்ல கேட்டா அந்தத் தலைவலி போயிரும்னு ஒரு எண்ணம். சாயங்காலம் ஆறு மணி. ஹால் நிறைஞ்சு, பிள்ளைகுட்டியோட வந்திருக்காங்க.

வயலாவுல ஜெசிந்தாம்மா இல்ல. ஒரு இருபத்தஞ்சு வயசுப் பையன், கண்ணாடி போட்டுக்கிட்டு. உப்புத்தரை வந்துச்சு. எல்லாம் அடங்குச்சு. நான் நாற்காலிக் கையைப் பிடிச்சுக்கிட்டேன். அந்தப் பையன் வில்லைத் தூக்குனான். நடுங்குச்சு தம்பி. அப்படியே நடுங்குச்சு. நான் எண்ணுனேன். பதினொண்ணு. ஒண்ணு கூடவும் இல்ல, ஒண்ணு குறையவும் இல்ல. திரையில பறவை திரும்பிப் பாத்ததும் ஹால்ல கைதட்டல். அது முடியவே ரொம்ப நேரம் ஆச்சு. நானும் தட்டுனேன்.

இடைவேளையில மேடைக்குப் பக்கத்துல போய் அந்தப் பையன்கிட்டப் பேசுனேன். 'எப்படிப்பா அவ்வளவு சரியா வந்துச்சு?'ன்னேன். மரியாதையான பையன். நோட்டைக் காட்டுனான். அந்தச் சுரத்துக்கு மேல ஒரு அலைக்கோடு, பக்கத்துல தமிழ்ல 'நடுக்கம், 11'ன்னு எழுதியிருக்கு. என் வார்த்தை. நான் குடுத்த எண்ணிக்கை. இது வரைக்கும் எந்த ரசிகன் எழுதுனதாவது ஆர்கெஸ்ட்ரா நோட்டுல ஏறியிருக்கா? பஷீர்கிட்டச் சொல்லணும்னு போனை எடுத்தேன். நம்பர் போகல. என்னைப் பிளாக் பண்ணியிருக்கான் போல, அது இப்பத்தான் தெரிஞ்சுச்சு.

படம் முடிஞ்சு வெளியே வந்தா, தூணோரமா ஜெசிந்தாம்மா நிக்கிறாங்க. செழியன் ஆபீஸ்லேருந்து ரெண்டு டிக்கெட் அனுப்பியிருக்காங்க. பக்கத்துல தங்கச்சி. நான் ஓடிப் போனேன். 'கேட்டீங்களாம்மா? இப்ப எழுதியே வச்சுட்டாங்க. இனிமே உலகத்துல யாரு வாசிச்சாலும் உங்க நடுக்கத்தைத்தான் வாசிக்கணும்'னேன்.

அவங்க என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. நிஜமாவே சிரிச்சாங்க. 'அந்தப் பையன் நல்லா வாசிச்சாண்ணே. ரொம்ப நிதானமான கை'ன்னாங்க. வலது கையைத் துப்பட்டாவுக்குள்ள சுத்தி வச்சிருந்தாங்க.

'ரெக்கார்டிங் ஏதாவது?'ன்னு கேட்டேன். 'இல்லண்ணே. அன்னைக்கு அப்புறம் இல்ல.' 'மாத்திரை சாப்பிட்டா ரெண்டரை மணி நேரம் நிக்கும்னீங்களே?' 'இப்பவும் நிக்குதுண்ணே. அதெல்லாம் நல்லாத்தான் நிக்குது'ன்னாங்க.

'அப்ப என்ன பண்றீங்க?' அதுக்குக் கொஞ்சம் தயங்குனாங்க. நான்தான் மறுபடியும் கேட்டேன். 'வீட்டுக்குப் பக்கத்து சர்ச்ல சனிக்கிழமை காலையில சின்னப் பிள்ளைங்களுக்கு வயலின் சொல்லிக் குடுக்குறேன். ஒம்பது பிள்ளைங்க. அவங்க வீட்டுல யாருக்கும் இந்த விஷயம் தெரியாது. தெரிஞ்சா அனுப்புவாங்களோ என்னவோ. ரெண்டு மணி நேரம்தானே, அதுக்குள்ள முடிச்சுருவேன்.' அதைச் சொல்லும்போது முகம் எப்படி வெளிச்சமா இருந்துச்சு தெரியுமா? மதுரைக்கு வந்தப்பகூட அப்படி இல்ல.

தங்கச்சி வந்து இடது கையைப் பிடிச்சு, 'அக்கா, வா. இவர்கிட்ட எதுக்கு'ன்னு இழுத்தா. அவளுக்கு என்மேல என்ன கோபமோ, இத்தனைக்கும் நான் அவளைப் பாக்குறதே முதல் தடவை. ஜெசிந்தாம்மா நாலு அடி போய்த் திரும்பி, 'அண்ணே, இதை...'ன்னு ஏதோ சொல்ல வந்தாங்க. கூட்டம் பின்னாலேருந்து தள்ளிக்கிட்டு வந்துச்சு. கேக்கல. 'இதையாவது நல்லபடியா எழுதுங்க'ன்னு சொல்ல வந்திருப்பாங்கன்னு நினைக்கிறேன். வேற என்ன சொல்லப் போறாங்க.

காலையிலேருந்து அதைத்தான் எழுதிக்கிட்டு வர்றேன். கச்சேரி, அந்தப் பையனோட நோட்டு, தூணோரமா நின்னது, கடைசியில அந்த ஒம்பது பிள்ளைங்க. இந்தத் தடவை பேரு போடல, ஜாக்கிரதையாத்தான் இருக்கேன். சர்ச் பேரு மட்டும் இருக்கு. அது இல்லைன்னா யாரும் நம்ப மாட்டாங்க. படிக்கிறவங்களுக்கு யாருன்னு தானா புரிஞ்சுரும். இதைப் படிச்சா பஷீர்கூடத் திரும்பி வந்துருவான்.

முடிவு மட்டும் சரியா வரல. நீங்க படிச்ச ஆளு மாதிரி இருக்கீங்க, கேட்டுச் சொல்லுங்க. 'ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த ஒன்பது குழந்தைகளுக்கும் தெரியாது, தங்கள் டீச்சர் ஒரு மாத்திரையின் கருணையில்தான்...'

என்ன தம்பி, பையை எடுக்குறீங்க? திருச்சியில இறங்கணும்னாலும் இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கே. உக்காருங்க, இன்னும் ரெண்டே வரிதான்.